கப்பலிலிருந்து சிறு படகில் பனியாற்றுக்கு: அலாஸ்காவின் எண்டிகாட் ஆர்ம் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவுக்குக் கப்பலில் போகத் திட்டமிடுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து தயங்குகிறார்கள். கப்பலே பனியாறு இருக்கும் கடற்கைக்குள், அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலுக்குள் போகிறது, மேல்தளத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அதே நிறுவனம் இன்னொரு பக்கத்தில், ஆளுக்கு ஏறத்தாழ 300 டாலர் கொடுத்தால் சிறு படகில் அருகே கூட்டிப் போகிறோம் என்கிறது. இதில் எதை நம்புவது?

இரண்டுமே உண்மைதான். ஆனால் கப்பல் எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்றைய காலையில் நீரில் மிதக்கும் பனிக்கட்டிகள் முடிவு செய்கின்றன. சிறு படகையும் அவையே கட்டுப்படுத்துகின்றன, கொஞ்சம் தாராளமாக. நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் தாராளத்துக்குத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முடிவுகள் எல்லாம் எளிதாகிவிடும்.

கப்பல் ஏன் தள்ளி நிற்கிறது?

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் ஹோல்காம் விரிகுடா இருக்கிறது. அங்கிருந்து இரண்டு ஃபியோர்டுகள் மலைகளுக்குள் நுழைகின்றன. வடக்கே போவது ட்ரேசி ஆர்ம், தெற்கே போவது எண்டிகாட் ஆர்ம். இரண்டுமே ஏறத்தாழ 50 கி.மீ. நீளம். பழங்காலப் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து உருவானவை. கருங்கல் சுவர்கள் நீரிலிருந்து நேராக எழுகின்றன. இவை இருக்கும் டோங்கஸ் தேசிய வனம்தான் அமெரிக்காவிலேயே பெரிய தேசிய வனம். 1980இல் இந்தப் பகுதி சட்டப்படி கட்டுமானங்களுக்கு இடமில்லாத வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே சாலை, கடை, படகுத்துறை எதுவும் கிடையாது. இயற்கையியலாளர் ஜான் மியூர் 1880இல் ட்லிங்கிட் பழங்குடியினர் துடுப்பு வலித்த படகில் இங்கே வந்தபோது பார்த்த கரைக்கும் இன்றைய கரைக்கும் பெரிய வித்தியாசம், பனி பின்வாங்கியிருப்பது மட்டும்தான்.

எண்டிகாட் ஆர்மின் கடைசியில் இருப்பது டாவ்ஸ் பனியாறு. மலையிலிருந்து இறங்கி நேராகக் கடலில் முடிகிறது. அதன் முகப்பு உடைந்து விழுந்துகொண்டே இருப்பதால் முன்னால் உள்ள நீர் முழுக்கப் பனிக்கட்டிகள். மேசை அளவு, கார் அளவு, வீட்டளவு என்று பல வகை. மேலே தெரிவதைப்போலப் பல மடங்கு நீருக்கு அடியில் இருக்கும். 300 மீட்டர் நீளமுள்ள உல்லாசக் கப்பலின் சுழலிகளில் அது சிக்கினால் என்ன ஆகும் என்று கப்பல் தலைவருக்குத் தெரியும். குறுகிய நீரில் கப்பலைத் திருப்ப இடமும் வேண்டும். எனவே பனி அடர்த்தியான நாளில் பல கிலோமீட்டர் முன்பே நின்றுவிடுவார். சில நாட்களில் வளைவுக்கு அப்பால் பனியாறு இருப்பதை ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு சரி.

சிறு படகு என்பது ஜூனோவிலிருந்து வரும், இரட்டை அடிப்பகுதி கொண்ட விரைவுப்படகு. நூற்றுச் சொச்சம் பேர் ஏறலாம். கண்ணாடி ஜன்னல் வைத்த உள்கூடம், சுற்றிவரத் திறந்த தளம், கழிப்பறை எல்லாம் உண்டு. ரப்பர் படகு என்று கற்பனை செய்து பயந்தவர்கள் நிம்மதியடையலாம். பனிக்கட்டிகளுக்கிடையே மெல்ல வழி தேடி, நிலைமை அனுமதித்தால் முகப்பிலிருந்து 400 மீட்டர் தூரம் வரைகூடப் போகும்.

முதல் வேலை: பயணத்திட்டத்தைப் படியுங்கள்

படகில் இடம் பிடிப்பதற்கு முன்னால் உங்கள் கப்பலின் அட்டவணையைப் பாருங்கள். காலையில் எண்டிகாட் ஆர்ம், அதே நாள் பிற்பகலில் ஜூனோ என்று இருக்க வேண்டும். இந்தப் பயணமே அந்த அமைப்பில்தான் இயங்குகிறது. ஃபியோர்டுக்குள் படகு உங்கள் கப்பலோடு வந்து ஒட்டிக்கொள்ளும், உங்களை ஏற்றிக்கொண்டு பனியாற்றுக்குப் போகும், பிறகு கப்பலுக்குத் திரும்பாமல் நேராக ஜூனோவில் கொண்டுபோய் இறக்கிவிடும். கப்பல் தன் வழியில் ஜூனோ வந்து சேரும்.

அட்டவணையில் ட்ரேசி ஆர்ம் என்று இருந்தால் மறுபடி ஒருமுறை விசாரியுங்கள். 2025 ஆகஸ்ட் 10 அதிகாலையில் அங்கே தெற்கு சாயர் பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து நீரில் விழுந்தது. எழுந்த அலை எதிர்ச்சுவரில் 400 மீட்டருக்கும் மேலே ஏறி மரங்களை வழித்துவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் கப்பல் எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம். அதன் பிறகு பல நிறுவனங்கள் 2026 பருவத்துக்கு எண்டிகாட் ஆர்முக்கு மாறின. பனியாறு பின்வாங்கும்போது இதுவரை அது தாங்கிப் பிடித்திருந்த சரிவுகள் ஆதரவில்லாமல் நிற்கின்றன என்பது இந்த வட்டாரம் முழுவதற்கும் பொருந்தும். போகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல் தலைவர் ஒரு நாள் 'இன்றைக்கு உள்ளே போகவில்லை' என்றால் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வதற்கு இது போதுமான காரணம்.

அட்டவணையில் கிளேசியர் பே இருந்தால் கதை வேறு. அது தேசியப் பூங்கா. நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி; பூங்கா ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். உல்லாசக் கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறும் ஏற்பாடு அங்கே இல்லை. கப்பலின் தளமே போதும், உண்மையிலேயே போதும். கிளேசியர் பே, எண்டிகாட் இரண்டுமே உள்ள பயணமாக இருந்து பணம் இறுக்கமாகவும் இருந்தால் படகை விட்டுவிடலாம்.

யார் போகலாம்?

கப்பலிலிருந்து படகுக்கு மாறும்போது ஓர் ஆள் தன் காலால் நடந்து, ஆடும் இடைவெளியைத் தாண்ட வேண்டும். ஊழியர்கள் இரு பக்கமும் நின்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் சக்கர நாற்காலியோடு மாற முடியாது. முழங்கால் அறுவை செய்துகொண்ட பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை அவர்களிடம் முன்பே சொல்ல வேண்டும். கதவருகே வந்து நின்றுகொண்டு 'என்னால் முடியாது' என்று அம்மா சொன்னால், பின்னால் நூறு பேர் வரிசையில் காத்திருப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கட்டுப்பாடுகள் இருக்கலாம். பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே அனுபவிப்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்து மணி நேரம் ஒரே படகில் இருப்பது தண்டனை, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கும்தான்.

குடும்பம் முழுவதும் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான்கு பேருக்கு 1,200 டாலர் என்பது பலருக்குக் கப்பல் கட்டணத்தில் பெரும் பங்கு. தாத்தா பாட்டி கப்பலில் சூடாகக் காபி குடித்துக்கொண்டு அருவிகளைப் பார்க்கட்டும், மற்றவர்கள் படகில் போகட்டும். இரு தரப்பும் மதியம் ஜூனோவில் சந்தித்துக்கொள்ளலாம்.

பதிவும் கட்டணமும்

கடலின் நடுவே கப்பலிலிருந்தே ஏறுவதால் இதைக் கப்பல் நிறுவனத்தின் வழியாக மட்டுமே வாங்க முடியும். வெளியே மலிவாகக் கிடைக்குமா என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜூனோவிலிருந்து புறப்படும் முழு நாள் படகுகள் தனியாக உண்டு. ஆனால் உங்கள் கப்பல் துறையில் நிற்கும் நேரத்துக்குள் அவை திரும்பி வருவது அரிது.

கட்டணம் நிறுவனத்தையும் பருவத்தையும் பொறுத்து 250 முதல் 350 டாலர் வரை என்று எதிர்பாருங்கள். இடங்கள் குறைவு, கப்பலில் இரண்டாயிரம் பேர் இருந்தாலும் ஒன்றிரண்டு படகுகள்தான் வரும். பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது ரத்து விதியை நிதானமாகப் படியுங்கள். மூடுபனியாலோ காற்றாலோ படகு மாறுவதே நடக்கவில்லை என்றால் பணம் திரும்ப வரும். படகு புறப்பட்டு, பனி மறித்ததால் பனியாற்றின் அருகே போக முடியவில்லை என்றால் பெரும்பாலும் வராது.

பருவம் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. இந்த வட்டாரம் மழைக்காடு. மே, ஜூன் மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, ஆகஸ்ட் முடிவிலிருந்து கூடுதல். சீல்கள் குட்டி போடுவதும் மே, ஜூனில்தான். தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஜூன் மாதத்தை எடுங்கள்.

விசா பற்றி ஒரு பத்தி. அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கி அங்கேயே முடியும் பயணங்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியா துறையைத் தொட்டு வருகின்றன. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் இடையில் வெளிநாட்டுத் துறை ஒன்றைத் தொட வேண்டும் என்று அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் தேவை. கனடாவின் வான்கூவரிலிருந்து புறப்பட்டாலும் இரண்டும் வேண்டும். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை. கார்டையும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டையும் எடுத்துச் சென்றால் போதும். கனடா விசாவுக்குக் காத்திருக்கும் காலம் நீண்டுகொண்டே போகலாம் என்பதால், படகுக்கு முன் இதைக் கவனியுங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுப்பது

ஜூனோவில் கோடைக்காலப் பிற்பகல் 16, 17 டிகிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்வெட்டரோடு கிளம்புகிறவர்கள் பனியாற்றின் முன் நடுங்குவார்கள். பனிப்பரப்பின் மேல் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கி நேராக உங்கள் முகத்தில் வந்து மோதும். படகு நகரும்போது அந்தக் காற்று இன்னும் கூடும்.

அடுக்கடுக்காக உடுத்துங்கள். உடலை ஒட்டி வியர்வையை உறிஞ்சாத உள்ளாடை, அதற்கு மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடியோடு கூடிய மழைச்சட்டை. பருத்தி நனைந்தால் உலராது, அதனால் ஜீன்ஸ் வேண்டாம், முடிந்தால் மழைக்கால்சட்டை. காதை மூடும் குல்லா, கையுறை, பிடிமானமுள்ள மூடிய காலணி. கையுறை இரண்டு ஜோடி இருந்தால் நல்லது, ஒன்று எப்படியும் நனையும். குடையை அறையிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அதனால் மழை நிற்காது, பக்கத்தில் நிற்பவரின் கண்தான் போகும். புடவையில் போக விரும்பும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: படங்களுக்காகப் பிற்பகலில் ஜூனோவில் கட்டிக்கொள்ளுங்கள். படகு மாறும் இடத்தில் வேண்டாம்.

முதுகில் மாட்டும் சிறு பை ஒன்று போதும். கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும். அதற்குள் பைனாகுலர் கட்டாயம். கேமராவை விட அது முக்கியம் என்பது என் கருத்து. சீல் குட்டியோ, பாறையில் நிற்கும் மலையாடோ வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும் என்பதால் மாற்று மின்கலத்தைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வையுங்கள். கறுப்புக் கண்ணாடியும் எடுங்கள், மேகமூட்டத்திலும் பனி கண்ணைக் கூசும்.

கப்பல் அறையின் அட்டையும், அரசு வழங்கிய படத்தோடு கூடிய அடையாள அட்டையும் மறக்கவே கூடாது. நீங்கள் திரும்ப ஏறப்போவது ஜூனோ துறையில். அங்கே பாதுகாவலர்கள் இவற்றைக் கேட்பார்கள்.

படகில் கிடைப்பது நொறுக்குத்தீனியும் சூடான பானங்களும்தான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதை நம்பிப் போக வேண்டாம். கடையில் வாங்கிய, பிரிக்காத பொட்டலங்களாகக் கடலை, பிஸ்கட் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை

கப்பல் விடியற்காலையில் ஃபியோர்டுக்குள் நுழையும். முந்தைய இரவே, கூட வேண்டிய இடமும் நேரமும் அறைக்கு வந்துவிடும். பெரும்பாலும் கப்பலின் அரங்கம். அங்கே சட்டையில் ஒட்டும் எண் ஒன்றைத் தருவார்கள். பிறகு காத்திருத்தல். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கழிப்பறை போய்விட்டு வாருங்கள். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைக் கூடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஃபியோர்டுக்குள் நீர் குளம்போல அமைதிதான். ஆட்டம் வருவது திரும்பும்போது, திறந்த நீரில்.

அழைத்ததும் கீழ்த்தளங்களுக்கு இறங்குவீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். வெளியே படகு கட்டப்பட்டு, இரண்டும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: போன் பைக்குள், பை முதுகில், கை ஊழியரின் முன்கையில். அவர் சொல்லும் நொடியில் ஒரே அடியாகக் கால் வையுங்கள். பாதியில் தயங்குவதுதான் ஆபத்து. படம் எடுக்க ஆசையாக இருக்கும், எடுக்க விட மாட்டார்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் ஜன்னல் இருக்கைக்கு ஓடுவார்கள். நீங்கள் ஏதாவது ஓர் இருக்கையில் பையை வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போங்கள். பனியாற்றின் முன்னால் படகோட்டி படகை மெதுவாகச் சுழற்றுவார், எல்லாப் பக்கமும் காட்சி கிடைக்கும். ஆகவே இடது நல்லதா வலது நல்லதா என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

பனியாற்றின் முன்னால்

நெருங்கும்போது முதலில் மாறுவது நீரின் நிறம். பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து, பால் ஊற்றிய பச்சையாக இருக்கும். பிறகு சிறு கட்டிகள், அப்புறம் அடர்ந்த பனிக்கூளம். படகோட்டி வேகத்தைக் குறைத்துக் கட்டிகளை ஒதுக்கிக்கொண்டு போவார். அடியில் அவ்வப்போது 'டொக்' என்று சத்தம் கேட்கும், அது வழக்கமானது.

இயந்திரத்தை அடக்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நீர் முழுக்கப் பொரிந்துகொண்டிருக்கும். பனி உறையும்போது சிறைப்பட்ட பழைய காற்று, உருகும் கட்டிகளிலிருந்து அழுத்தத்தோடு வெளியேறும் ஓசை அது. கப்பலின் மேல்தளத்தில், பத்து மாடி உயரத்தில் நிற்கிறவர்களுக்கு இது கேட்காது. என்னைக் கேட்டால் 300 டாலரில் பாதி இதற்கே சரியாகப் போய்விட்டது.

முகப்பின் உயரம் நீருக்கு மேலே சுமார் 60 மீட்டர். இருபது மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அருகில் அளவு சொல்ல மரமோ வீடோ இல்லாததால் சின்னதாகத்தான் தெரியும், சிலர் ஏமாற்றமும் அடைவார்கள். முகப்பின் முன்னால் பறக்கும் பறவைகளைப் பைனாகுலரில் பாருங்கள். அவை தூசியாகத் தெரியும்போது உண்மையான உயரம் உறைக்கும். நீல நிறம் வானத்தின் பிரதிபலிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தத்தில் காற்றுக்குமிழிகள் சுருங்கி இறுகிய பனி, ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. அதனால் மேகமூட்டமான நாளில்தான் நீலம் ஆழமாக இருக்கும். மழை பெய்கிறதே என்று புலம்புகிறவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பனி உடைந்து விழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதற்கு நேரம் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. இருந்தாலும் சில தடயங்கள் உண்டு. சிறு துண்டுகள் ஒரே இடத்திலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தால் அங்கேயே பாருங்கள். முன்னால் சாய்ந்து நிற்கும் தூண்கள், அடியில் நீர் அரித்த குகைகள், இவற்றின் மேல் கண் வையுங்கள். சத்தம் கேட்டுத் திரும்பினால் தாமதம்: 700 மீட்டர் தொலைவிலிருந்து ஒலி வர இரண்டு நொடி ஆகும், அதற்குள் பனி பாதி விழுந்திருக்கும். போனை முகப்பின் ஒரு பகுதியை நோக்கிக் கைப்பிடியில் ஊன்றி வீடியோவை ஓடவிட்டு, கண்ணால் முழு முகப்பையும் பார்ப்பது நல்ல வழி. கேமராவில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப்பனி சாம்பல் நிறத்தில் பதியும்.

விழுவது மேலிருந்து மட்டுமல்ல. நீருக்கடியில் பிய்ந்த கட்டி, முகப்புக்குச் சற்றுத் தள்ளி திடீரென்று எம்பி வெளிவருவதும் உண்டு. படகோட்டி ஒரு தூரத்துக்கு மேல் நெருங்க மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சீல்கள். முகப்புக்கு முன்னால் மிதக்கும் கட்டிகளின் மேல் தாய் சீல்கள் குட்டிகளோடு படுத்திருக்கும். வேட்டையாடும் திமிங்கலங்கள் பனிக்கூளத்துக்குள் வருவது அரிது என்பதால் அவற்றுக்கு அது பாதுகாப்பான இடம். படகைப் பார்த்து மிரண்டு நீரில் குதித்தால், கொழுப்பு இன்னும் சேராத குட்டியின் உடல்சூடு குறையும். தாயிடமிருந்து பிரிந்துவிடவும் கூடும். பனியாற்று ஃபியோர்டுகளில் சீல்களிடமிருந்து சுமார் 450 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடல்வளத் துறையின் அறிவுரை. குட்டிகள் நிறைந்த நாளில் படகு முன்னதாகவே நிற்கலாம். கத்திக் கூப்பிடுவது, விசிலடிப்பது வேண்டாம்.

முகப்பின் முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கிடைக்கும். குளிர் தாங்காவிட்டால் உள்ளே போய்ச் சூடேற்றிக்கொண்டு மறுபடி வாருங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் பலர் உள்ளே போய்விடுவதால் தளம் காலியாக இருக்கும்.

ஜூனோவுக்குத் திரும்புதல்

ஃபியோர்டின் சுவர்களில் அருவிகள் வழிந்துகொண்டிருக்கும். படகோட்டிகள் சில நேரம் அருவிச்சாரல் படும் அளவுக்குப் படகின் மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவார்கள். வெளியே ஸ்டீபன்ஸ் கடல்வழியில் வந்ததும் திமிங்கலங்களுக்காகக் கண்ணைத் திறந்து வையுங்கள். ஹவாயில் குளிர்காலத்தைக் கழித்த கூனல் திமிங்கலங்கள் கோடையில் இங்கே இரை தேட வருகின்றன. 90 மீட்டருக்குள் அணுகக் கூடாது என்பது இங்கே சட்டம். இதற்காகவே தனியாகத் திமிங்கலம் பார்க்கும் படகுக்கும் பணம் கட்டுவதாக இருந்தால், அதே நாளில் போடாமல் கப்பல் நிற்கும் வேறு ஊரில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மொத்தம் ஐந்து மணி நேரம் அளவில் படகு ஜூனோவை அடையும். சில நாட்களில் கப்பலுக்கு முன்பே வந்துவிடுவீர்கள். அறைக்குப் போக முடியாது என்பதால் ஈர உடையோடு ஊரில் திரிய நேரும். பையில் ஒரு ஜோடி காலுறை இருந்தால் அப்போது அதன் அருமை தெரியும். நகரத்தின் கடைத்தெருவும் மலையேறும் கேபிள் காரும் துறையிலிருந்து நடக்கும் தூரம்தான். மெண்டன்ஹால் பனியாறு சுமார் 20 கி.மீ. தொலைவு, காலையில் டாவ்ஸ் பார்த்தவர்களுக்கு அது இரண்டாம்பட்சம், நேரம் மிஞ்சினால் போகலாம். உங்கள் கப்பல் எந்தத் துறையில் கட்டப்போகிறது என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் துறை நகரமையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அலாஸ்கா நேரம் சியாட்டிலை விட ஒரு மணி நேரம் பின்னால். போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருந்தாலும் சரி, திரும்பி ஏற வேண்டிய நேரத்துக்குக் கப்பலின் கடிகாரத்தை மட்டும் பின்பற்றுங்கள்.